ஆல்வினுக்குப் பின்னால ஒரு இருமல்

கோழிக்கூட்டை அடைச்சேனா இல்லையாங்கிற சந்தேகம் வந்ததும் பாட்டு தொடங்கினதும் ஒண்ணுபோல இருந்துது. இனி எழும்ப முடியாது. இந்த வீட்டுல பாட்டு தொடங்கிட்டா பசு கயித்தை அத்துக்கிட்டு ஓடினாலும் ஆமேன் சொன்ன பெறவுதான் பின்னால ஓடணும், அது அவிய போட்ட சட்டம். அவியன்னா என் வீட்டுக்காரரு, ஞானசிகாமணி. நாப்பது சென்ட் விளைக்கும் பதினாலு தெங்குக்கும் ரெண்டு ஆட்டுக்கும் எனக்கும் எஜமான். சாயங்காலம் ஏழு மணின்னா மேலு கழுவி, வெள்ளை வேட்டி உடுத்து, நாற்காலியில வந்து உக்காந்து, கண்ணாடியைத் துடைச்சு, பாட்டு நம்பரைச் சொல்லி, சொன்ன கையோட யாருக்கும் எட்டாத சுருதியில எடுத்துருவாவ. கீழ பாயில நானும் மைனியும். கிறேஸ் மைனி அவியளுக்க அக்கா, எழுபத்திரெண்டு வயசு, காது மந்தம், எங்களுக்கு ஒரு வரி பிந்தித்தான் பாடுவாவ. நாங்க ரெண்டாவது சரணத்துக்கு வந்துட்டோம், மைனி இன்னும் மொத சரணத்தை முடிக்கல. இன்னைக்கு ஆறு சரணம் உள்ள பாட்டு. எனக்குப் புஸ்தகம் வேண்டாம், முப்பத்தோரு வருஷமா பாடுத வாய், தன்னால பாடிக்கிடும். வாயை இங்கன விட்டுட்டு நான் எங்க வேணும்னாலும் போயிட்டு வரலாம். போவத்தான் செய்யுதேன். போன வெள்ளிக்கிழமை கீரி வந்து கருங்கோழியைக் கொண்டுபோச்சு, தூவல் மட்டும் பலாமூட்டுல கெடந்துது. அந்திக்கு அரி இட்டது ஞாபகம் இருக்கு, கூட்டுக்கு முன்னால குனிஞ்சது ஞாபகம் இருக்கு, கதவுக் கொளுத்தைப் போட்டேனா? அப்பத்தான் போன் அடிச்சுதோ. இல்ல, போன் மத்தியானம். அடுப்புல மரச்சீனிக் கிழங்கு அவிஞ்சுக்கிட்டு இருந்துது, டைட்டஸ் பேசினான். டைட்டஸ் எனக்க மருமவன், சலோமியைக் கெட்டினவன். "அத்தே, நாளைக்குக் காலையில சலோமிய அட்மிட் பண்ணச் சொல்லிருக்கு. பிரஷர் கூடியிருக்காம். அவ உங்கள வரச் சொல்லல. நான்தான் சொல்லுதேன்." மரச்சீனி அடி பிடிக்குதுன்னு சொல்லி வச்சுட்டேன். பெத்த மவ தலைப்பிரசவத்துக்குப் போறான்னு சொன்னா மரச்சீனியைப் பத்திப் பேசுத அம்மையைக் கண்டதுண்டா? தலைப்பிரசவம் அம்மை வீட்டுலதான் நடக்கணும். ஏழாம் மாசம் முந்திரிக்கொத்தும் முறுக்கும் சுட்டுக் கொண்டுபோய்க் கூட்டிட்டு வந்திருக்கணும். போவல. கேட்டவியகிட்டல்லாம் டாக்டர் பஸ்ஸுல ஏறப்பிடாதுன்னு சொல்லியிருக்காருன்னு பொய் சொன்னேன், அதுவும் கோவில் நடையில நின்னு சொன்னேன். போன் வந்த விஷயத்தை அவியகிட்ட இன்னும் சொல்லல. கிணத்துக்கு அந்தப் பக்கம் வாழைக்கு மண் அணைச்சுக்கிட்டு நின்னாவ, நாலு எட்டு வச்சா சொல்லியிருக்கலாம். நான் வேற ஒண்ணு நெனைச்சேன். இன்னைக்கு ஜெபத்துல அவிய சலோமி பேரைச் சொன்னா, ஆமேன் ஆனதும் விஷயத்தைச் சொல்லி, காலையில மொத பஸ்ஸுக்குப் போவேன். சொல்லலேன்னா போவ மாட்டேன். வேதத்துல கிதியோன் ஆட்டுத்தோலை ராத்திரி வெளிய போட்டு, பனியில நனையுதான்னு பாத்து ஆண்டவரைச் சோதிச்சதுபோல நான் அவியளுக்க வாயை வச்சுச் சோதிக்கேன். கிதியோனுக்கு ஒரு ராத்திரியில பனி பெய்ஞ்சுது. எனக்கு ஏழு மாசமா பெய்யல.

மூணாவது சரணம். இதுல கடல் வரும், அலை வரும், படகு வரும். கடல்னதும் எனக்கு மீன் ஞாபகம் வந்துரும், அதுக்கு நான் என்ன செய்ய? இன்னைக்குச் சாளை கொள்ளாம், கண்ணு தெளிஞ்சு இருந்துது, குழம்புக்குப் புளி ஒரு நெல்லிக்கா அளவு கூடிப்போச்சோன்னு ஒரு இது. கூடியிருந்தா நாளைக்கு ஜெபத்துல வரும். எங்க வீட்டுல யாரும் யாருகிட்டயும் எதையும் நேரச் சொல்லுத பழக்கம் இல்ல, ஆண்டவர் வழியாத்தான் சொல்லுவோம். கல்யாணம் ஆன புதுசுல ஒருநாள், "உப்பு அதிகமாகிற இந்த ஏழை வீட்டின் ஆகாரத்தையும் ஆசீர்வதியும்"னு அவிய ஜெபம் பண்ணினாவ. நான் கண்ணை மூடிக்கிட்டே பல்லைக் கடிச்சேன். மறுநாள் உப்பே போடாம வச்சேன். அன்னைக்கு ஜெபத்துல, "எங்கள் குறைகளைத் திருத்த வந்து மிஞ்சிப் போகிறவர்களுக்கும் பொறுமை தாரும்"னு வந்துது. எங்க மவன் ஆல்வின் பன்னெண்டாம் கிளாஸ் கணக்குல தோத்தது எனக்கு ஜெபத்துலதான் தெரியும். எனக்குப் பித்தப்பை ஆப்பரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த அன்னைக்கு, "ஆண்டவரே, இவள் இல்லாமல் அடியேன்"னு தொடங்கி, அங்கன நின்னு, தொண்டையைச் செருமி, ஆட்டுக்குட்டிக்கு ஜெபம் பண்ணப் போயிட்டாவ. அந்தப் பாதி வாக்கை வச்சு நான் பதினொரு வருஷம் ஓட்டியிருக்கேன், அது வேற விஷயம். அவியளுக்க ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு, ரேஷன் கடை வரிசைபோல, யாரும் முந்த முடியாது. மொதல்ல நாட்டை ஆளுகிறவங்க, பெறவு பேராயர், போதகர், சபையில தீனமா கெடக்கவங்க, விதவைகள்னு வரும்போது மைனி ஒரு ஸ்தோத்திரம் சொல்லுவாவ, பெறவு மழை, பெறவு எங்க வீடு. வீட்டுல மூத்தவன் ஆல்வின், பஹ்ரைன்ல இருக்கான், அவன் பேரு. அதுக்கடுத்து சலோமி. பெறவு ஆடு, கோழி, கிணறு. சலோமி பிறந்து ஞானஸ்நானம் எடுத்த அன்னையில இருந்து இருபத்தஞ்சு வருஷம் இந்த வரிசை மாறினதில்ல. ஏழு மாசமா ஆல்வின் வரும், அடுத்தால ஒரு இருமல் வரும், அடுத்தால ஆடு வந்துரும். அந்த இருமலைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு எரிச்சல். ஆட்டுக்கு உள்ள கிருபை மவளுக்கு இல்லியா? என்ன மனுஷன்? கல்லு மனசுன்னு வாய்க்குள்ளேயே ஏசிக்கிட்டு ஆமேன் சொல்லுவேன். வயசு ஐம்பதும் தாண்டியாச்சு, இனி இவியளைத் திருத்த முடியாதுன்னு தேத்திக்கிடுவேன்.

நாலாவது சரணத்துல மைனி எப்படியோ எங்களை எட்டிப் பிடிச்சுட்டாவ. விளக்கைச் சுத்தி ஈசல் பறக்குது, மழை வரும். மழை வந்தா கூட்டுக்குள்ள தண்ணி ஏறும், அடைச்சிருந்தாலும் தொல்லை, அடைக்காட்டியும் தொல்லை. கொளுத்துல கை வச்ச மாதிரி இருக்கு. அந்த இரும்புக் குளிர்ச்சி விரல்ல இருக்கு. அது இன்னைக்கு வச்சதா, நேத்தைக்கு வச்சதா? சலோமி சின்னப் பிள்ளையில கோழியை எண்ணித்தான் கூட்டுல விடுவா, ஒவ்வொண்ணுக்கும் வேதாகமப் பேரு இட்டிருந்தா, ராகேல், லேயாள், யாகேல். அறுக்கப் போற அன்னைக்கு எந்தக் கோழின்னு அவகிட்டச் சொல்லப்பிடாது. கல்யாணம் எங்க கோவில்லதான் நடந்துது, மின்னுத் தாலி கெட்டித்தான் நடந்துது, அப்ப டைட்டஸும் எங்களைப்போலதான் இருந்தான். பெறவு அவன் ஒரு முழுக்குச் சபைக்குப் போவத் தொடங்கினான், பின்னால இவளும் போனா, பெப்ரவரியில ஆத்துல எறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாச்சு. அந்தச் சபையில தாலி, கம்மல்னு பொன்னே போடப்பிடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்து எறங்கும்போது நான் முற்றத்துல நல்லமிளகு காயப் போட்டுக்கிட்டு நின்னேன். சலோமி கழுத்துல ஒண்ணும் இல்ல. காதுல ஒண்ணும் இல்ல. கம்மல் கெடந்த ஓட்டை மட்டும் இருந்துது. அந்தக் கம்மல் நான் ரெண்டு பசுவைக் கறந்து கறந்து சீட்டு போட்டு எடுத்தது. அவ அதை ஒரு கைக்குட்டையில பொதிஞ்சு கொண்டுவந்து எனக்க கையில வச்சா. எனக்கு இனி வேண்டாம்மா, நீ போட்டுக்கோன்னா. பொடி வாக்கு, சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. எனக்கு அவ அறுத்துக் குடுத்ததுபோல இருந்துது. ஊர்ல தாலி அறுத்தவதான் வெறுங்கழுத்தா இருப்பா, இவளுக்கு அதெல்லாம் தெரியாதா? அந்தக் கம்மல் இப்ப அரிசிப் பானைக்குள்ள, அதே கைக்குட்டையில கெடக்கு. நாளைக்குப் போறதா இருந்தா எடுத்துட்டுப் போவேன். ஆஸ்பத்திரியில யாரும் பாக்காத நேரம் அவ கையில அமுக்கிருவேன். பிள்ளை பெறுத நேரத்துல மூளியா கெடக்கப்பிடாது, இதை நான் ஆர்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். போறதா இருந்தாத்தான். அன்னைக்கு ஏழு மணிக்கு நாங்க ஜெபத்துக்கு இருந்தோம், அவளும் இந்தப் பாயில, மைனிக்கு அந்தப் பக்கம். புஸ்தகத்தை எடுக்கல. பாடல. இந்த வீட்டுல எல்லாரையும்விட நல்ல சாரீரம் அவளுக்கு, அவியளுக்க சுருதியை எட்டிப் பிடிக்க அவ ஒருத்திக்குத்தான் முடியும், அவ வாயை மூடிக்கிட்டு எனக்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. எல்லாம் முடிஞ்சு நான் பாய் சுருட்டும்போது பக்கத்துல வந்து மெதுவா கேட்டா. "அம்மா, நீ பாடுத பாட்டுல நீ இருக்கியா?" சண்டைக்குக் கேட்டதில்ல, சத்தியமா தெரியணும்னு கேட்ட மாதிரி கேட்டா. அதுதான் பொறுக்கல. மீன் குழம்புலயும் கோழிக்கூட்டுலயும் இருக்கேன்டி, உனக்கெல்லாம் வச்சு ஆக்கிப் போட்ட அடுக்களையில இருக்கேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா நான் வேற ஒண்ணு சொன்னேன். அது இருக்கட்டும். அன்னைக்கு அவ ரெண்டு மாசம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கா. சொல்லாமலே பஸ் ஏறிட்டா, எனக்கு ஊர் வாயில இருந்து தெரிஞ்சுது.

பாட்டு முடிஞ்சுட்டு. எப்ப முடிஞ்சுதுன்னு தெரியல, அஞ்சாவதும் ஆறாவதும் நான் பாடியிருக்கேன், தொண்டை காஞ்சிருக்கு. அவிய வேதத்துல இருந்து ஒரு சங்கீதம் வாசிச்சாவ. மைனி தலை ஆடுது, உறக்கம். பெறவு முழங்கால். எனக்கு இடது முட்டுல வலி, பாயை ரெண்டா மடக்கி அடியில வச்சுக்கிட்டேன். நாட்டை ஆளுகிறவங்க போனாவ, பேராயர் போனாவ, போதகர் போனாவ. தீனக்காரங்க வரிசை இன்னைக்கு நீளம், மேல வீட்டு தாசன் வாத்தியாருக்குச் சக்கரை கூடி கால் விரலை எடுத்திருக்கு. விதவைகள். மைனி உறக்கத்துல இருந்தே ஸ்தோத்திரம் சொன்னாவ, அது ஒரு திறமைதான். மழைக்கு வந்தாச்சு, இனி வீடு. ஆண்டவரே சொல்ல வையும், சொல்ல வையும், ஒரே ஒரு பேரு, மூணு எழுத்து, சொல்லிட்டா நாளைக்கு நான் அவ பக்கத்துல நிப்பேன், சொல்லாட்டி அவ லேபர் ரூம்ல யாரு கையைப் பிடிப்பா, டைட்டஸுக்கு அம்மை இல்ல, அவ யாரு கையைப் பிடிப்பா? பிரஷர்னா லேசுப்பட்டதா? எங்க அம்மைக்குத் தங்கச்சி அப்படித்தான் போனா, பிள்ளையும் சேந்து போச்சு. இவிய வாயில பேரு வராததுக்கு எனக்க மவ... அன்னைக்கு மட்டும் இவிய... இல்ல. இவிய ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு இவிய அந்த நாற்காலியிலதான் இருந்தாவ, கண்ணாடியைக் கழத்திக் கையில வச்சிருந்தாவ, ஒரு வாக்கு சொல்லல. சொன்னது நான். சலோமி முற்றத்துல எறங்கி செருப்பு மாட்டிக்கிட்டு நின்னா, நான் உள்ள நின்னு, அவளுக்கும் கேக்கணும்னே சத்தமா சொன்னேன். "இஞ்சேருங்க, இனி இந்த வீட்டு ஜெபத்துல இவ பேரு வேண்டாம்." செருப்பு மாட்டின கை ஒரு நொடி நின்னுது. பெறவு நடந்து போயிட்டா. மறுநாள் சாயங்காலம் ஆல்வினுக்குப் பின்னால மொத இருமல் வந்துது. நான் சொன்னதுதான். நான் சொன்னபடிதான் இவிய செய்யுதாவ, உப்பு குறைன்னா குறைக்க மனுஷி நான், பேரு வேண்டாம்னா விடுத மனுஷன் இவிய. ஏழு மாசம் நான் யாரை ஏசிக்கிட்டு இருந்தேன்?

"பஹ்ரைன் தேசத்திலே வேலை செய்கிற ஆல்வினை உம்முடைய செட்டைகளின் நிழலிலே மறைத்தருளும்." நான் கண்ணைத் திறந்துட்டேன். ஜெபத்துல கண்ணைத் திறக்கப்பிடாது, பிள்ளைகள் திறந்தா நானே தொடையில கிள்ளுவேன். திறந்து பாத்தேன். அவியளுக்க வலது கை நாற்காலி மேல இருந்துது, பெருவிரலால மத்த விரலை ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணிக்கிட்டு இருந்தாவ. ஆள்காட்டி விரல்ல ஆல்வின். பெருவிரல் நடுவிரலுக்கு வந்து நின்னுது. இருமல் வந்துது. இருமல் நின்ன பெறவும் விரல் நவுரல, உதடு அசைஞ்சுது, சத்தம் இல்லாம மூணு தரம் அசைஞ்சுது. மூணு எழுத்தை மூணு தரம். ஏழு மாசமா நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்திருக்கேன். இருமல்னு கேட்டிருக்கேன். வேண்டாம்னு சொன்ன என் வாக்கையும் மீறாம, அவளையும் விடாம, இந்த மனுஷன் தினமும் அந்த இருமலுக்குப் பின்னால நின்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காவ. நான் ஒரு நாள்கூடச் சொல்லல. மனசுக்குள்ளேயும் சொல்லல. ராத்திரி கண்ணை மூடும்போது ஆல்வின் பேரைச் சொல்லிட்டு உறங்கிருவேன், இவிய வாயில வரட்டும்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். பெருவிரல் நடுவிரலை விட்டு எழும்பப் போவுது. அடுத்தது ஆடு. இந்த வீட்டுல அவிய ஜெபம் பண்ணும்போது நான் வாய் திறந்ததில்ல, ஆமேன் தவிர ஒண்ணும் சொன்னதில்ல.

"சலோமி"ன்னேன். எனக்க குரலா அதுன்னு எனக்கே தெரியல, பாட்டுல உள்ள குரல் இல்ல அது. அவிய நிறுத்திட்டாவ. ஈசல் விளக்குல முட்டுத சத்தம் மட்டும் கேட்டுது. அவ்வளவு நேரம் சத்தம் இல்லாததால ஜெபம் முடிஞ்சுதுன்னு நெனைச்சு மைனி நல்ல பலமா ஆமேன் சொல்லிட்டு எழும்பப் பாத்தாவ, நான் கையைப் பிடிச்சு அமத்தினேன். அவிய ரெண்டு தரம் செருமினாவ. பெறவு பழைய சுருதியில, யாருக்கும் எட்டாத அந்தச் சுருதியில சொன்னாவ. "நாளைக் காலையிலே ஆஸ்பத்திரிக்குப் போகிற உமது அடியாள் சலோமியை உம்முடைய கரத்திலே ஏந்திக்கொள்ளும். அவள் வயிற்றிலுள்ள பிள்ளையைக் காத்தருளும். ஐந்தேகால் பஸ்ஸிலே புறப்பட்டு அவளண்டைக்குப் போகிற அவள் தாயையும் வழிநடத்தும்." அப்ப டைட்டஸ் அவியகிட்டயும் சொல்லியிருக்கான். வாழைமூட்டுல நின்னு கேட்டுட்டு மண் அணைச்சுக்கிட்டு இருந்திருக்காவ. மத்தியானம் மொதல் ஏழு மணி வரைக்கும் நான் இவியளுக்க வாயைப் பாத்துக்கிட்டு இருந்தேன், இவிய எனக்க வாயைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காவ. பெறவு ஆடு வந்துது, கோழி வந்துது, கிணறு வந்துது, ஒண்ணையும் விடல. மூணு பேருமாப் பரமண்டல ஜெபம் சொன்னோம். பாதியில கோழிக்கூடு ஞாபகம் வந்துது. வரட்டும்னு விட்டுட்டேன், கண்ணு வழியுத ஒருத்தி கோழியை நெனைச்சா ஆண்டவர் கோவிக்க மாட்டாரு. ஆமேன் ஆச்சு. நான் பாயைச் சுருட்டினேன். அவிய கண்ணாடியை உறையில வச்சாவ. என்னைப் பாக்கல, சுவரைப் பாத்து, ஆண்டவர்கிட்ட இல்லாம எனக்கிட்ட நேரச் சொன்னாவ. "அரிசிப் பானையில கெடக்குத அந்தக் கம்மல எடுத்துட்டுப் போவண்டாம், கேட்டியா. சும்மா போ."

நான் டார்ச்சை எடுத்துக்கிட்டு முற்றத்துல எறங்கினேன். மழை தூற ஆரம்பிச்சிருந்துது. கூடு அடைச்சுத்தான் இருந்துது, கொளுத்தும் போட்டிருந்துது, தண்ணி ஏறாம இருக்க வாழைச்சருகை அடியில திணிச்சு வச்சிருந்துது. அது எனக்க வேலை இல்ல. நான் சருகு வைக்கத மறந்துட்டேன், கூட்டை அடைச்சேனான்னே தெரியாம இருந்தேன். மண் அணைச்ச கையோட அவிய வந்து செய்துட்டுப் போயிருக்காவ.